ஆலையில் சொந்த மின்சாரம் இருக்கும்போது பேட்டரி எதற்கு? சந்தேகங்களும் விளக்கங்களும்

புதுச்சேரி பயன்படுத்தும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதுதான். நெய்வேலி, கல்பாக்கம், கூடங்குளம், ராமகுண்டம் என்று மத்திய மின் நிலையங்களில் நமக்கென்று ஒதுக்கிய பங்கை நம்பித்தான் வீட்டு விளக்கும் எரிகிறது, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளில் இயந்திரங்களும் ஓடுகின்றன. மின் கட்டணம் ஏறும்போதெல்லாம் ஆலை நடத்துகிறவர்களிடையே ஒரு யோசனை எழும்: பாய்லர் நம்மிடம் இருக்கிறது, அதிலேயே மின்சாரமும் எடுத்தால் என்ன? இப்போது இன்னொரு யோசனையும் அதோடு சேர்ந்துகொண்டது. அந்த மின்சாரத்துக்குத் துணையாகப் பெரிய பேட்டரி ஒன்றையும் வைக்கலாமா? ஆலைக்காரர்களுக்கு இதில் செலவுக் கவலை. ஆலையைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்குத் தீப்பிடிக்குமோ என்ற பயம். இரண்டு தரப்பும் கேட்கும் கேள்விகளை இங்கே பார்க்கலாம்.

இணை மின் உற்பத்தி என்பது என்ன? ஜெனரேட்டர் வைத்துக்கொள்வதிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

டீசல் ஜெனரேட்டர் ஓடும்போது எண்ணெயில் உள்ள சக்தியில் பாதிக்கு மேல் புகையோடும் ரேடியேட்டர் சூட்டோடும் போய்விடுகிறது. நிலக்கரி மின் நிலையத்திலும் இதே கதைதான். எரித்த நூறு பங்கில் ஏறக்குறைய 35 பங்கு மின்சாரமாகிறது, மீதி குளிர்விப்புக் கோபுரத்திலும் புகைபோக்கியிலும் வீணாகிறது. துணிக்குச் சாயம் போடவும், பாலைக் காய்ச்சவும், டயரைப் பதப்படுத்தவும், காகிதத்தை உலர்த்தவும் தேவைப்படுவது அந்தச் சூடுதான். மின்சாரம் எடுத்த பிறகு மிஞ்சும் நீராவியை வெளியே விடாமல் ஆலை வேலைக்கே கொடுப்பதைத்தான் இணை மின் உற்பத்தி என்கிறோம். ஆலைகளில் 'கோஜென்' என்றால் எல்லோருக்கும் தெரியும்.

கணக்கு போட்டால் லாபம் தெளிவாகத் தெரியும். ஓர் ஆலைக்கு 30 பங்கு மின்சாரமும் 50 பங்கு நீராவியும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரத்தை வெளியில் வாங்கி, நீராவியைத் தனி பாய்லரில் எடுத்தால், மின் நிலையத்தில் எரிந்த 86 பங்கும் பாய்லரில் எரிந்த 59 பங்கும் சேர்ந்து 145 பங்கு எரிபொருள் செலவாகும். கோஜெனில் அதே வேலை 100 பங்கில் முடிந்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான எரிபொருள் மிச்சம். இது நீராவி முழுவதும் பயன்படும் இடத்துக்கான கணக்கு. நீராவிக்கு வேலை இல்லாத இடத்தில் இந்த லாபம் கிடையாது.

காரைக்கால் எரிவாயு மின் நிலையமும் இந்த வகைதானா?

நெருங்கிய உறவு, ஆனால் வேறு வகை. புதுச்சேரி மின் கழகம் நடத்தும் 32.5 மெகாவாட் நிலையம் அது. எரிவாயுவில் ஒரு டர்பைன் சுழல்கிறது. அதன் சூடான புகையில் நீராவி எடுத்து இன்னொரு டர்பைனைச் சுழற்றுகிறார்கள். வீணாகும் சூட்டிலிருந்து மறுபடியும் மின்சாரமே எடுப்பதால் இதைக் கூட்டுச் சுழற்சி நிலையம் என்பார்கள். இதில் ஆலை வேலைக்கு நீராவி போவதில்லை.

கோஜெனை நேரில் பார்க்க வேண்டுமானால் கடலூர்ப் பக்கம் நெல்லிக்குப்பத்துக்குப் போனால் போதும். அங்கே இ.ஐ.டி. பாரி சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்து எடுத்த நீராவி முதலில் டர்பைனைச் சுற்றுகிறது, பிறகு சாற்றைக் காய்ச்சுகிறது. மிஞ்சும் மின்சாரத்தை வெளியே விற்கவும் முடிகிறது. லிங்காரெட்டிபாளையத்தில் நம்முடைய கூட்டுறவு சர்க்கரை ஆலை அரவை நின்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அது மூடிக் கிடக்கும் ஒவ்வொரு பருவத்திலும் கரும்பு விவசாயியின் வருமானத்தோடு மின்சாரமும் நஷ்டமாகிறது. ஆலையைத் திறப்பது பற்றிப் பேசும்போது சர்க்கரை விலையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் பாதிக் கணக்குதான் பார்த்ததாகும்.

ஆலை தானே மின்சாரம் தயாரிக்கிறது. அப்புறம் பேட்டரி எதற்கு?

கோஜென் ஆலையில் இரண்டு எஜமானர்கள். நீராவி கேட்கும் உலர்த்தும் பிரிவு ஒன்று, மின்சாரம் கேட்கும் மோட்டார்கள் இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் கேட்பதில்லை. நீராவியின் தேவை மெதுவாக ஏறி இறங்கும். மின்சாரத்தின் தேவை நொடியில் மாறும். ஒரு பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆனால் லோடு சட்டென்று தூக்கும், அது நின்றால் விழும். பாய்லரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

அதனால்தான் ஆலைகளில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே ஓட்டி வைப்பார்கள். ஒரு டர்பைன் போதும் என்ற நேரத்தில் இரண்டைப் பாதி லோடில் ஓட்டுவார்கள். பாதி லோடில் எரிவாயு டர்பைனின் திறன் கணிசமாகக் குறையும், புகையும் கெடும். அல்லது நீராவி மிஞ்சி, வேறு வழியில்லாமல் கூரைக்கு மேலே திறந்து விடுவார்கள். ஆலை வாசலில் நின்றால் 'உஸ்' என்று கேட்கும் அந்தச் சத்தம் காசு பறக்கும் சத்தம்.

இங்கேதான் பேட்டரி உதவுகிறது. மின்சாரத் தேவையின் ஏற்ற இறக்கத்தைப் பேட்டரி வாங்கிக்கொண்டால், டர்பைன் நீராவித் தேவையை மட்டும் பார்த்து நிதானமாக, நல்ல திறனில் ஓடலாம். பேட்டரி ஒரு நொடிக்குள் பதில் சொல்லும். வெளி மின்சாரம் திடீரென்று போனாலும் ஆலை தனித்து நிற்கலாம். அப்படித் தனித்து நிற்கும் முதல் சில நொடிகளில்தான் டர்பைன்கள் பெரும்பாலும் ட்ரிப் ஆகின்றன. அந்த நொடிகளைத் தாண்டிவிட்டால் உற்பத்தி தப்பிக்கும்.

அமெரிக்காவில் இந்த ஜோடியைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 2017-இல் தெற்கு கலிபோர்னியா எடிசன் நிறுவனம் நார்வாக் நகரில் 50 மெகாவாட் எரிவாயு டர்பைனோடு 10 மெகாவாட் பேட்டரியைச் சேர்த்தது. பேட்டரியின் கொள்ளளவு 4,300 யூனிட்தான். அந்த நிலையத்தில் இணை மின் உற்பத்தி இல்லை, உச்ச நேரத்துக்கு மட்டும் ஓடும் நிலையம் அது. ஆனாலும் பாடம் நமக்குப் பொருந்தும். அவசரத்துக்குத் தயாராக நிற்க வேண்டும் என்பதற்காகவே முன்பு டர்பைனை வெறுமனே ஓட்டி வைத்திருந்தார்கள். இப்போது டர்பைன் சூடாகி மேலேறும்வரை பேட்டரி தாங்குகிறது, அதனால் எரிபொருள் இல்லாமலே தயாராக நிற்க முடிகிறது. பேட்டரி சின்னது, அதனால் கிடைக்கும் பலன் பெரியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பேட்டரி வைத்தால் கரண்ட் பில் குறையுமா?

எந்த வேலைக்கு வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. விற்பனைக்கு வருபவர்கள் எல்லாப் பலனையும் ஒரே காகிதத்தில் கூட்டிக் காட்டுவார்கள். பிரித்துப் பார்ப்பது நல்லது.

உயரழுத்த மின்நுகர்வோருக்கு யூனிட் கட்டணத்தோடு டிமாண்ட் சார்ஜும் உண்டு. மாதத்தில் ஒரே ஒரு முறை லோடு உச்சத்துக்குப் போனாலும், அந்த உச்சத்துக்குத்தான் பில். கேவிஏ-வுக்கு மாதம் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் மட்டும் நீடிக்கும் ஓர் உச்சத்தில் 1,000 கேவிஏ குறைக்க முடிந்தால், ஆண்டுக்கு 48 லட்சம் மிச்சம். அதற்கு 500 யூனிட் பேட்டரி போதும். ஆயிரம் யூனிட் கொள்ளளவுக்கு இரண்டு கோடி ரூபாய் என்று பிடித்தால், ஒரு கோடி முதலீடு இரண்டரை ஆண்டுக்குள் திரும்பிவிடும். நல்ல வியாபாரம்.

அதே உச்சம் நான்கு மணி நேரம் நீடிக்கிறது என்றால்? 4,000 யூனிட் பேட்டரி வேண்டும். எட்டுக் கோடி ரூபாய். மிச்சமாவது அதே 48 லட்சம்தான். முதல் திரும்புவதற்குள் பேட்டரியின் ஆயுளே முடிந்துவிடும்.

இன்னொரு வாதம், மலிவான நேரத்தில் நிரப்பி விலை கூடிய நேரத்தில் பயன்படுத்துவது. மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி, வணிக, தொழில் நுகர்வோருக்குச் சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் 20 சதவீதமாவது குறைய வேண்டும், உச்ச நேரத்தில் 20 சதவீதமாவது கூட வேண்டும். யூனிட் 6 ரூபாய் என்றால் பகலில் 4.80, மாலையில் 7.20. பேட்டரியில் போட்டு எடுக்கும்போது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து யூனிட் கழிந்துவிடும். மிஞ்சுவது யூனிட்டுக்கு 1.70 ரூபாய் அளவில். ஆயிரம் யூனிட் பேட்டரியை ஆண்டில் 300 நாள் ஓட்டினாலும் ஐந்து லட்சத்தை ஒட்டித்தான் கிடைக்கும். இரண்டு கோடி முதலுக்கு இது வட்டிக்கும் காணாது. இந்த வாதத்தை மட்டும் நம்பிப் பேட்டரி வாங்காதீர்கள்.

ஆக, குறுகிய உச்சத்தை வெட்டுவதும், டர்பைன் ட்ரிப் ஆகாமல் காப்பதும்தான் இன்றைக்குக் கட்டுப்படியாகும் வேலைகள். விலை வேகமாக இறங்குகிறது என்பதும் உண்மை. 2022-இல் இந்தியச் சூரிய சக்திக் கழகத்தின் ஏலத்தில் இரண்டு மணி நேரப் பேட்டரிக்கு மெகாவாட்டுக்கு மாத வாடகை ஏறக்குறைய 10.8 லட்சம் ரூபாய். 2024 மார்ச்சில் குஜராத்தில் நடந்த ஏலத்தில் அது நாலரை லட்சத்துக்கு வந்தது. இன்று கட்டுப்படியாகாதது இரண்டு ஆண்டில் கட்டுப்படியாகலாம். ஆனால் அந்த ஏலங்கள் நூற்றுக்கணக்கான மெகாவாட்டுக்கானவை. ஒரு மெகாவாட் வாங்கும் ஆலைக்கு அதே விலை கிடைக்காது.

ஒரு சின்ன விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒப்பந்த டிமாண்டில் குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே பில் இறங்காது. பேட்டரி வைத்த கையோடு மின்துறைக்கு எழுதிக் கொடுத்து ஒப்பந்த டிமாண்டையும் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி உழைக்கும், பில் அப்படியே வரும்.

பேட்டரிக்குப் பதில் வேறு மலிவான வழி இல்லையா?

இருக்கிறது. அதை முதலில் செய்யத்தான் சொல்வேன்.

டென்மார்க்கில் ஊருக்கே வெந்நீர் கொடுக்கும் இணை மின் நிலையங்கள் ஏராளம். அவற்றின் பக்கத்தில் பிரம்மாண்டமான வெந்நீர்த் தொட்டிகள் நிற்கும். மின்சாரத்துக்கு நல்ல விலை கிடைக்கும் நேரத்தில் இயந்திரத்தை ஓட்டி, சூட்டைத் தொட்டியில் சேர்த்து வைப்பார்கள். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தொட்டியிலிருந்து ஊருக்கு அனுப்புவார்கள். இரும்புத் தொட்டியில் சூட்டைச் சேமிக்க ஆகும் செலவு, பேட்டரியில் மின்சாரத்தைச் சேமிக்கும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

நம் ஊரில் பால் பதப்படுத்தும் நிலையம், சாயப் பட்டறை, பெரிய மருத்துவமனை, ஓட்டல் என்று வெந்நீர் தேவைப்படும் இடங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சர்க்கரை ஆலையில் குவிந்து கிடக்கும் சக்கையும் ஒரு சேமிப்புதான். நாள்கணக்கான சேமிப்புக்கு எரிபொருள் களம், மணிக்கணக்குக்கு வெந்நீர்த் தொட்டி, நொடிக்கும் நிமிடத்துக்கும் பேட்டரி. இந்த வரிசையை மாற்றினால் பணம் போகும்.

புதுச்சேரியில் இதற்கு முன் பெரிய பேட்டரி வைத்த அனுபவம் உண்டா?

உண்டு. நாட்டுக்கே முன்னோடி என்று சொல்லத்தக்க அனுபவம். மின்தொடர் கட்டமைப்போடு இணைத்த பேட்டரியைச் சோதிக்கப் பவர் கிரிட் நிறுவனம் தேர்ந்தெடுத்த இடம் புதுச்சேரியில் உள்ள அதன் துணைமின் நிலையம். 2017-இல் அங்கே மேம்பட்ட ஈய-அமில பேட்டரியும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் அருகருகே நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் 500 கிலோவாட், 250 யூனிட். மின்தொடரின் அலைவெண் ஏறி இறங்கும்போது சரிசெய்வதும், ஒரு நேரத்து மின்சாரத்தை இன்னொரு நேரத்துக்கு மாற்றித் தருவதும் அவற்றின் வேலை. கடலோர உப்புக்காற்றிலும் நம் ஊர் வெயிலிலும் பெரிய பேட்டரி எப்படி நடந்துகொள்கிறது என்ற அனுபவம் நம் வாசலிலேயே இருக்கிறது. தொழிற்பேட்டைச் சங்கங்கள் குஜராத்துக்குப் போவதற்கு முன் இங்கே போய்ப் பார்க்கலாம்.

தீப்பிடித்தால்? ஆலைக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கிறோம்.

நியாயமான பயம். மழுப்பக் கூடாது.

2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் 300 மெகாவாட் பேட்டரிக் கூடம் எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீடுகளை விட்டு வெளியேறச் சொன்னார்கள், நெடுஞ்சாலையை மூடினார்கள். அந்தப் பேட்டரிகள் இருந்த இடம் பழைய மின் நிலையத்தின் டர்பைன் கூடம். இடம் காலியாக இருக்கிறதே என்று கட்டடத்துக்குள் பேட்டரிகளை நெருக்கமாக அடுக்கியதால், ஓரிடத்தில் பிடித்த தீ கூடம் முழுக்கப் பரவ வழி கிடைத்தது. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை லித்தியம் பேட்டரி அது. அதே வளாகத்தில் திறந்தவெளியில் தனித்தனிப் பெட்டிகளாக வேறொரு நிறுவனத்தின் பேட்டரிகள் இருந்தன. அங்கே 2022-இல் ஒரு பெட்டியில் தீப்பிடித்தபோது அந்த ஒரு பெட்டியோடு நின்றது.

நம் ஆலைகளுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். பழைய பாய்லர் ஷெட் காலியாகக் கிடக்கிறது, அதில் பேட்டரியை வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்கக் கூடாது. திறந்தவெளியில், பெட்டிக்குப் பெட்டி இடைவெளி விட்டு, எரிபொருள் தொட்டியிலிருந்தும் பாய்லரிலிருந்தும் மதிற்சுவருக்கு அப்பால் உள்ள வீடுகளிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, சூடு ஏறினால் தீப்பிடிக்கும் வாய்ப்பு குறைவானது. குறைவு என்றால் இல்லவே இல்லை என்று பொருள் அல்ல. எரிந்தால் வெளிவரும் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு என்ற நச்சு வாயு இருக்கும்.

அமெரிக்காவின் அரிசோனாவில் 2019-இல் பேட்டரிப் பெட்டிக்குள் தேங்கிய வாயு வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தார்கள். ஆகவே தீயணைப்புத் துறைக்குப் பேட்டரியின் வகை, இருக்கும் இடம், அணைக்கும் முறை எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, ஒத்திகையும் நடத்திய பிறகுதான் பேட்டரியை இயக்க வேண்டும். பக்கத்தில் குடியிருப்பவர்கள் இந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

புயலும் வெள்ளமும் வரும் ஊர் இது. பேட்டரி தாங்குமா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.-க்கும் மேல் மழை கொட்டியது. தொழிற்பேட்டைகளில் இடுப்பளவு தண்ணீர் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. லித்தியம் பேட்டரிக்குள் தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர், புகுந்தால் தீக்கே காரணமாகிவிடும். பீடத்தை அந்த வெள்ள மட்டத்துக்கும் மேலே உயர்த்திக் கட்டுவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மறுபக்கமும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தபோது கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் சொந்த பாய்லரும் டர்பைனும் அவற்றை மறுபடி எழுப்பப் பேட்டரியும் உள்ள இடம்தான் இருட்டில் நிற்காது. ஜிப்மர் போன்ற மருத்துவமனைக்கு இந்த ஏற்பாட்டின் மதிப்பை யூனிட் கணக்கில் எழுத முடியாது.

வெயில் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பேட்டரிக்கு 25 டிகிரியை ஒட்டிய சூடுதான் பிடிக்கும். மே மாதத்தில் அதன் ஏசி ஒரு நல்ல லோடு. கோஜென் ஆலையில் மிஞ்சும் சூட்டைக் கொண்டே குளிர்ச்சி உண்டாக்கும் இயந்திரங்கள் உண்டு. ஆலை அதை ஏற்கெனவே வைத்திருந்தால், குளிர்ந்த தண்ணீரைப் பேட்டரிக்கும் திருப்பலாம்.

பழைய பேட்டரியை என்ன செய்வார்கள்?

2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, தயாரித்தோ இறக்குமதி செய்தோ சந்தையில் விட்டவரே திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். வாங்கும்போதே இதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போகக் கூடாது.

ஆலைகள் சொந்த மின்சாரத்துக்குப் போய்விட்டால் வீட்டுக்காரர்களுக்குக் கட்டணம் ஏறாதா?

ஏறக்கூடிய ஆபத்து உண்டு. ஆலை மின்துறையை விட்டு விலகினால், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் பராமரிப்புச் செலவு மிச்சமுள்ளவர்கள் தலையில் விழும். ஆலை இணைப்பிலேயே இருந்துகொண்டு மாலை உச்சத்தை மட்டும் குறைத்தால், மின்துறை அந்த நேரத்தில் விலை கூடிய மின்சாரம் வாங்க வேண்டியதில்லை. அது எல்லோருக்கும் நல்லது. எது நடக்கும் என்பதை முடிவு செய்வது கட்டண விதி. சொந்த மின் நிலையம் உள்ள ஆலை உச்சத்தைக் குறைத்தால் பரிசும், அவசரத்துக்கு மட்டும் மின்துறையைத் தேடி வந்தால் அதற்குரிய கட்டணமும் இருப்பதுதான் நியாயம்.

அப்படியானால் இங்கே யார் செய்யலாம்?

இரவும் பகலும் நீராவி கேட்கும் ஆலைகள், மருத்துவமனைகள். நீராவித் தேவை இல்லாத இடத்தில் கோஜென் வேண்டாம். கோஜென் இல்லாமல், நீண்ட உச்சத்துக்காகப் பேட்டரி மட்டும் வைப்பதும் இப்போதைக்கு வேண்டாம். ஏ.எஃப்.டி. பஞ்சாலை 2020-இல் மூடிய பிறகு நகருக்குள் அத்தகைய பெரிய ஆலை இல்லை. புறநகர்த் தொழிற்பேட்டைகளில் பக்கத்துப் பக்கத்து ஆலைகள் சேர்ந்து ஒரே பாய்லர், ஒரே டர்பைன், ஒரு சிறு பேட்டரி என்று வைத்துப் பகிர்ந்துகொள்வதுதான் புதுச்சேரியின் அளவுக்குப் பொருத்தமான வழி என்று நினைக்கிறேன். ஆலைக்காரர்கள் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: மின்துறை மீட்டரில் பதிவான ஓராண்டு லோடு விவரத்தையும், பாய்லர் ஹவுஸ் நீராவிப் பதிவேட்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது. பேட்டரி தேவையா, எவ்வளவு தேவை என்பது அந்த இரண்டு தாள்களிலும் தெரிந்துவிடும்.

கட்டணத்தைத் தீர்மானிக்கும் இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஆலைக்காரர்களின் குரலை மட்டும் கேட்டு முடிவெடுக்கும்படி விட்டுவிடக் கூடாது. கட்டண மாற்றத்துக்கு முன் அது புதுச்சேரியில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. அடுத்த முறை தேதி அறிவிப்பு வந்ததும் வீட்டு மின்நுகர்வோரும் போய், சொந்த மின்சாரம் எடுக்கும் ஆலைகளுக்கு என்ன விதி என்று கேளுங்கள்.